ஓடைமொந்தனுக்கு வேர் வழங்கிய வரலாறு

வாழையானது விதையினால் பரவுவதன்று, கன்றினால் பரவுவது. தாய்மரத்தின் காலடியில் கன்று முளைக்கும். அதைப் பெயர்த்து வேறிடத்தில் நட்டால் நாளடைவில் அதுவும் தாயாகும். களமருதூர் வீரமுத்து இவ்வுண்மையை எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்தறிந்தவர் அல்லர். ஆயினும் அவருடைய தகப்பனார் நட்ட ஓடைமொந்தன் என்னும் வாழை, ஓடைக்கரை நிலத்தில் அறுபது ஆண்டுகளாக இதனை ஆண்டு தவறாமல் மெய்ப்பித்து வந்தது. காய் குட்டை, தோல் தடிப்பு, வேக வைத்தால் வாயில் நில்லாமல் கரையும். அந்நிலத்தைத் தவிர வேறெங்கும் அவ்வாழையைக் கண்டதாக எவரும் கூறியதில்லை.

சென்ற ஆண்டு முடிக்கொத்து நோய் வந்தது. இலைகள் உச்சியில் ஒன்றுகூடிக் குஞ்சம்போல் விறைத்து நின்றன. ஒரு மரமும் குலை தள்ளவில்லை. வேரோடு பிடுங்கிக் கொளுத்துமாறு அதிகாரிகள் அறிவுறுத்தினர். வீரமுத்து கொளுத்தினார். ஓடை வளையும் இடத்தில் தனித்து நின்ற ஒரு குத்து மட்டும் நோய் தொடாமல் தப்பியது: ஒரு தாய், மூன்று கன்றுகள். உலகத்தில் இருந்த ஓடைமொந்தன் அவ்வளவே.

அந்நாளில்தான் வெள்ளிமலையில் இயங்கிவந்த மலையகத் திசுவளர்ப்பு மற்றும் வேரூன்றல் மேம்பாட்டு நிலையத்தின் துண்டறிக்கை அவர் கையில் கிடைத்தது. ஒரு கன்றின் குருத்திலிருந்து கடுகளவு திசுவை எடுத்துக் கண்ணாடிப் புட்டியில் வளர்த்து, அதிலிருந்து நூற்றுக்கணக்கான நோயற்ற செடிகளை உண்டாக்கித் தருவதாக அதில் அச்சிடப்பட்டிருந்தது. வீரமுத்து ஒரு கன்றைப் பெயர்த்து ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு, கள்ளக்குறிச்சிக்கு ஒரு பேருந்தும் அங்கிருந்து மலைப்பாதையில் மற்றொரு பேருந்துமாக ஏறி, வெள்ளிமலையை அடைந்தார்.

பண்டகக் காப்பாளர் சுப்புராயன் சாக்கைப் பிரித்துப் பார்த்தார்.

"இன்னாய்யா, ஒத்தக் கன்ன மட்டும் தூக்கிகினு வந்துகீற?"

"ஒன்னு போதும்னு காயிதத்துல போட்டுகீதுங்களே."

"காயிதம் ஜனங்களுக்கு. படிவம் எங்களுக்கு. படிவத்துல இன்னா கீது, படி. 'தாய்க்குத்து முழுமையாகப் பெறப்பட்டது. பயனாளியிடம் மிச்சம் இல்லை.' நீ பாட்டுக்கு வூட்ல ரெண்டு வெச்சிகினு, அது நல்லா காய்ச்சிதுன்னு வெய்யி. எங்களால வந்துச்சா, உன்னால வந்துச்சான்னு மேல கேட்டா நான் இன்னான்னு எழுதறது?"

 வீரமுத்து கன்றை அங்கேயே வைத்துவிட்டு ஊர் திரும்பி, மறுநாள் மண்வெட்டியுடன் ஓடைக்கரைக்குச் சென்றார். மனைவி பெரியநாயகி பின்னாலேயே வந்து கையை இடுப்பில் வைத்து நின்றாள்.

"ஏங்க, ஒன்னயாச்சும் வுட்டு வெய்யுங்க. அவங்க இன்னா வந்து எட்டியா பாக்கப் போறாங்க?"

"கையெழுத்து போடணும் நாயகி. மிச்சம் இல்லன்னு போட்டுட்டு மிச்சம் வெச்சிக்கினா பொய்யில்ல?"

"ஆமா, உலகத்துல இன்னிக்கி நீங்க ஒருத்தர் பொய் சொன்னாதான் மழ வராம பூடும்."

அவர் தாயையும் எஞ்சிய இரு கன்றுகளையும் தோண்டி எடுத்தார். பொய்யுரைக்காமை நற்பண்பு என்பதில் ஐயமில்லை. அந்நற்பண்பினால் ஓடைமொந்தன் முழுவதும் அரசுடைமையாயிற்று.

நான்கு மாதம் கழித்து, தாயும் கன்றுகளும் திசுவெடுப்பதற்காக முழுவதும் வெட்டித் தீர்ந்தன, புட்டிகளில் செடிகள் செழித்துள்ளன என்னும் செய்தி வந்தது. வீரமுத்து காணச் சென்றார். அவருக்குத் தலையுறையும் முகமூடியும் பச்சை அங்கியும் அணிவித்து, கைகளில் சாராய வாடையுள்ள நீரைத் தெளித்து, செருப்பை வாங்கி வைத்துக்கொண்டு, வளர்ப்பறைக்கு வெளியே தாழ்வாரத்தில் ஒரு கண்ணாடிச் சன்னலின் முன் நிறுத்தினார்கள். உள்ளே செல்ல அவருக்கு அனுமதி இல்லை. விவசாயிகள் மண்ணோடு தொடர்புடையவர்களாதலால் அவர்களிடம் கிருமிகள் மிகுதி என்று சுவரில் எழுதியிருந்தது. வெளியே நிற்பவருக்கு இவ்வளவு அலங்காரம் எதற்கு என்று அவர் எண்ணினார், கேட்கவில்லை.

அவர் நின்றுகொண்டிருக்கையில் நிலையத்தின் ஆண்டு விழாவிற்கான பூசைத் தட்டு அவ்வழியே சென்றது. கொளுத்திய கற்பூரம், பூசணிக்காய், தேங்காய், மேளக்காரர் இருவர், இயக்குநர் ஆகியோர் வளர்ப்பறைக்குள் நுழைந்து ஒரு சுற்றுச் சுற்றி வெளியேறினர். இவர்களிடம் கிருமி இருப்பதாகச் சுவரில் ஏதும் எழுதப்படவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் அடுக்கடுக்காக முந்நூறு புட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் கூழ்போன்ற ஊடகத்தின்மேல் விரல் நீளத்தில் ஒரு பச்சைத் துளிர். வீரமுத்துவின் முகமூடி நனைந்தது. ஆய்வக உதவியாளர் மலர்விழி வெளியே வந்து அவர் அருகில் நின்றாள்.

"எல்லாம் உங்க வாழைதான் அண்ணே. நல்லா வந்திருக்கு."

"வேர் ஒன்னும் தெரியலியே மேடம்?"

"இன்னும் இல்ல. இது வரைக்கும் துளிர் விடுற ஹார்மோன் குடுத்தோம். இனிமே அத நிறுத்திட்டு, வேர் விடுறதுக்கு வேற ஹார்மோன் குடுக்கணும். ஒரு லிட்டர் கூழுக்கு ஒரு மில்லிகிராம். கடுகுல பாதிகூட வராது. முந்நூறு பாட்டிலுக்கும் சேர்த்துப் பத்து மில்லிகிராம் போதும். ஒரு மாசத்துல வேர் வந்துடும்."

"ஜாஸ்தி போட்டா சீக்கிரம் வருமா?"

"ஜாஸ்தி போட்டா வேரே வராது அண்ணே. அடி வீங்கிக் கட்டி கட்டியா நிக்கும். அப்புறம் செத்துடும்."

ஒரு விவசாயி புரிந்துகொள்ளப் போதுமான விளக்கம் இது. அதைப் புரிந்துகொள்ள வேண்டியவர்கள் விவசாயிகளாக இல்லாமற்போனதே இவ்வரலாற்றின் தொடர்ச்சிக்குக் காரணமாகும்.

அந்நிலையம் முற்காலத்தில் உரக்கிடங்காக இருந்தது. கிடங்கு ஆய்வகமாக உயர்த்தப்பட்டபோது கட்டடத்திற்கு வெள்ளையடிக்கப்பட்டது, பெயர்ப்பலகை மாற்றப்பட்டது, வழங்கல் பதிவேடு மட்டும் மாற்றப்படவில்லை. அதில் டன், குவிண்டால், கிலோ, கிராம் என நான்கு பத்திகள் இருந்தன. மலர்விழி பத்து மில்லிகிராம் வேரூக்கி கேட்டு எழுதிய தேவைப்பட்டியலைச் சுப்புராயன் நெடுநேரம் உற்று நோக்கினார்.

"இத எந்தப் பத்தியில எழுதறது?"

"கிராம் பத்தியில புள்ளி வெச்சு எழுதுங்க சார்."

"புள்ளி வெச்சி எழுதினா ஆடிட்ல அழிச்சி எழுதினதா சொல்லுவான். இந்தப் பதிவேட்ல இதுநாள் வரைக்கும் புள்ளி வந்ததில்ல. ஒரு கிராம் கேளும்மா, தரேன். கிராமுக்குக் கீழ இந்த ஆபீசுல ஒன்னும் கெடையாது."

"சரி, ஒரு கிராம் குடுங்க. நான் பத்து மில்லிகிராம் எடுத்துக்கிட்டு மிச்சத்த ஃப்ரிட்ஜ்ல வெச்சுக்கறேன்."

"மிச்சம்னா? வழங்கின பொருள் முழுசும் பயன்படுத்தப்பட்டதுன்னு சான்று குடுக்கணும். பாதி மூட்ட யூரியாவ வயல்ல போட்டுட்டு பாதியக் கொண்டாந்து எங்கிட்ட குடுத்தா நான் வாங்குவேனா? அதே விதிதான்."

இவ்வாறு, தேவைக்கு நூறு மடங்கு வேரூக்கியைப் பெறவும், பெற்றதை முழுவதும் பயன்படுத்தவும் மலர்விழி கடமைப்பட்டாள். அவள் இயக்குநரிடம் முறையிட்டாள். இயக்குநர் முனைவர் பகலவன் எளிதில் அணுகத்தக்கவர். எதற்கும் முடியாது என்று சொல்லாதவர். எனவே ஒரு குழு அமைத்தார். பயனாளிகளின் பிரதிநிதி ஒருவர் குழுவில் இருத்தல் வேண்டும் என்னும் விதியின்படி வீரமுத்து மீண்டும் மலையேறினார்.

கூட்டத்தில் இயக்குநர் எழுந்து நின்று உரையாற்றினார். அவ்வுரை நடவடிக்கைக் குறிப்பில் முழுமையாக உள்ளது.

"நண்பர்களே! இந்நிலையம் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஆறு ஆண்டுகளில் ஒரு விவசாயிகூட நம் செடி பட்டுப்போயிற்று என்று புகார் கூறியதில்லை. ஏனெனில், எந்த விவசாயிக்கும் நாம் இதுவரை செடி வழங்கியதில்லை. கறையற்ற இந்தப் பெருமையை இழக்க நான் விரும்பவில்லை. எனினும், அடுத்த வாரம் மாநில ஆய்வுக் குழு வருகிறது. அதற்குள் வேர் வேண்டும். உதவியாளர் அம்மையார் ஒரு மில்லிகிராமுக்கு ஒரு மாதம் என்கிறார். நான் தாவரவியல் படித்தவன் அல்லன், நிருவாகவியல் படித்தவன். ஒரு குழி வெட்ட ஒருவருக்கு முப்பது நாள் என்றால், நூறு பேருக்கு எத்தனை நாள்? ஒரு நாளைக்கும் குறைவு. அதே கணக்குதான். நூறு மடங்கு ஊட்டினால் காலையில் வைத்த புட்டியில் மாலைக்குள் வேர் காணலாம். நமக்கு ஒரு வாரம் இருக்கிறது. ஆகவே இதில் எந்த அவசரமும் இல்லை."

"சார், செடி செத்துடும்," என்றாள் மலர்விழி.

"அம்மையாரின் மாற்றுக் கருத்து பதிவு செய்யப்படுகிறது. மாற்றுக் கருத்துக்கு இடமளிப்பதில் இந்நிலையம் முன்னோடி. பதிவு செய்தபின் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை என்பதால் எவருக்கும் இடையூறும் இல்லை. தீர்மானத்தைப் பயனாளி வழிமொழிய வேண்டும்."

வீரமுத்து திரும்பிப் பார்த்தார். பின்னால் எவரும் இல்லை.

"உன்னத்தான்யா," என்றார் சுப்புராயன் தாழ்ந்த குரலில். "கையத் தூக்கு."

"எனுக்கு ஒன்னும் வெளங்கலீங்க. அந்த மேடம் ஜாஸ்தி போட்டா செத்துடும்னு..."

"கை தூக்கலைன்னா கூட்டம் தள்ளிப்பூடும். அடுத்த கூட்டம் ரெண்டு மாசம் கழிச்சி. அதுவரைக்கும் உன் செடி பாட்டில்லியே மக்கும். தூக்குறியா, போறியா?"

புட்டிகளில் கூழ் வற்றிக்கொண்டிருந்ததை அவர் சன்னல் வழியே கண்டிருந்தார். தூக்கினாலும் சாகும், தூக்காவிட்டாலும் சாகும் என்னும் நிலையில், தூக்குவதற்கு அவரிடம் கை மட்டுமே இருந்தது. அதைத் தூக்கினார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

புறப்படுகையில் மலர்விழி அவரைத் தாழ்வாரத்தில் மறித்தாள்.

"ஆறு பாட்டில் மட்டும் புதுக் கூழ்ல, ஹார்மோன் போடாம தனியா வெக்கிறேன் அண்ணே. எந்த ஆய்விலயும் மருந்து போடாதது கொஞ்சம் இருக்கணும், ஒப்பிட்டுப் பார்க்க. அது விதியிலயே இருக்கு, யாரும் தடுக்க முடியாது."

"ஹார்மோன் போடாம வேர் வருமா?"

"வாழைக்கு வரும். மெதுவா வரும். ஆனா வரும்."

அன்று மலையிறங்கும் பேருந்தில் வீரமுத்து கொண்டை ஊசி வளைவுகளில் சாய்ந்தாடியபடி, ஆறு என்னும் எண்ணை மனத்துக்குள் பலமுறை சொல்லிக்கொண்டார். உலகத்தில் ஒரு காலத்தில் நான்கு இருந்தன; ஆறு என்பது அதனினும் இரண்டு அதிகம்.

மாநில ஆய்வுக் குழு குறித்த வாரத்தில் வரவில்லை. ஐந்து வாரம் கழித்து வந்தது. அதற்குள் இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு புட்டிகளிலும் மலர்விழி கூறியது கூறியவாறே நிகழ்ந்தது. துளிர்களின் அடிப்பகுதி வீங்கி, வெளிறிய கட்டியாகத் திரண்டு, இலைகள் பழுத்துச் சுருண்டன. வேர் என்று ஒரு மயிரிழையும் இல்லை. இயக்குநர் அவற்றைப் பார்வையிட்டு, சிறிது நேரம் சிந்தித்து, அக்கட்டிகளுக்கு 'வேர்முன்நிலைத் திரட்சி' என்று பெயர் சூட்டினார். பெயரிடப்பட்ட மறுகணமே அது குறைபாடு என்னும் நிலையிலிருந்து சாதனை என்னும் நிலைக்கு உயர்ந்தது. அறிக்கையில் இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு வேர்முன்நிலைத் திரட்சிகள், இலக்கில் தொண்ணூற்றெட்டு விழுக்காடு, என எழுதப்பட்டது.

ஆய்வுக் குழுவின் முன்னிலையில் நடக்கும் செடி வழங்கும் விழாவிற்குக் குடும்பத்துடன் வருமாறு வீரமுத்துவுக்கு அழைப்பு வந்தது. பெரியநாயகியும் வந்தாள். பந்தலில் ஒரு கூடை நிறையப் புட்டிகளை வைத்து அவர் கையில் கொடுத்தார்கள். அவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பெரியநாயகியும் பார்த்தாள்.

"இன்னாங்க இது, கருணக்கிழங்கு அழுகினாப்ல கீது?"

"சும்மா இரு, நாயகி."

"வேர் எங்க சார்?" என்று அவளே இயக்குநரிடம் கேட்டாள்.

"உள்ளே இருக்கிறது அம்மா. வெளியே வருவதற்கு முந்தைய நிலை."

"கொழந்த எப்ப பொறக்கும்னு கேட்டா, கல்யாணத்துக்கு முந்தின நெலைன்னு சொல்றாப்ல கீது சார்."

ஆய்வுக் குழுத் தலைவருக்கும் அதே ஐயம் எழுந்தது. வேரின் புகைப்படம் ஒன்றேனும் அறிக்கையில் இணைக்கப்பட வேண்டும் என்று அவர் சொன்னார்.  இயக்குநரின் பார்வை மலர்விழியின் மீது சென்றது.

அந்த ஆறு புட்டிகளும் கொண்டுவரப்பட்டன. அவை ஹார்மோனைக் காணாதவை; தீர்மானத்தை அறியாதவை; எவராலும் வழிமொழியப்படாதவை. ஆறிலும் இலைகள் கரும்பச்சையாக விரிந்திருந்தன. கூழுக்குள் வெள்ளை வெளேரென்று வேர்கள் இறங்கிச் சுருண்டு, புட்டியின் அடியைத் தொட்டு நின்றன.

"அருமை! கையில் பிடித்துக்கொள்ளுங்கள், ஐயா. அம்மா, நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். சிரியுங்கள்," என்றார் இயக்குநர்.

புட்டியில் உயிரோடிருந்த தம் செடியை வீரமுத்து அதுவரை தொட்டதில்லை. அன்று முதன்முறையாக அவற்றுள் ஒன்றை இரு கைகளாலும் ஏந்தினார். தலையுறை அணிய எவரும் சொல்லவில்லை. ஏழு வேர்கள் இருந்தன, அவர் எண்ணினார். புகைப்படம் எடுக்கப்பட்டது. அதில் அவர் சிரிக்கவில்லை. ஆயினும் கண் கலங்கியது மகிழ்ச்சியினால் என்று கீழே எழுதிக்கொள்ள இடமிருந்தது. 'வேரூக்கி ஹார்மோனின் வெற்றி' என்பது தலைப்பு.

"இத நாங்க எடுத்துகினு போறோம் சார்," என்றார் அவர். "அந்தக் கூடய நீங்களே வெச்சிக்கிங்க."

இயக்குநர் உண்மையான வருத்தத்தோடு தலையசைத்தார்.

"இயலாதே ஐயா. இவை ஒப்பீட்டுச் செடிகள். ஆய்வுப் பொருள்; விநியோகப் பொருள் அன்று. ஆய்வு முடிந்த அன்றே ஆவியில் அவித்து அழிக்க வேண்டும். மேலும் சற்று எண்ணிப் பாருங்கள். ஹார்மோன் போடாத செடி உங்கள் நிலத்தில் வளர்ந்து குலை தள்ளினால், பார்ப்பவன் என்ன கேட்பான்? ஹார்மோன் எதற்கு என்பான். பிறகு நிலையம் எதற்கு என்பான். நிலையம் இல்லையென்றால் உங்களுக்கு யார் செடி தருவார்கள்? உங்கள் நன்மைக்காகவே சொல்கிறேன்."

"ஒன்னே ஒன்னு சார்," என்றார் வீரமுத்து.

"சார், ஒன்ன நான் எடுத்துக் குடுத்துடறேன். உடைஞ்சிடுச்சுன்னு எழுதிக்கறேன்," என்றாள் மலர்விழி.

"ஒடஞ்சா ஒடஞ்ச கண்ணாடிய எங்கிட்ட ஒப்படைக்கணும்," என்றார் சுப்புராயன். "வெந்த செடியோட ஆறு பாட்டிலும் வந்தாதான் நான் பதிவேட்ட மூடுவேன். வுடுய்யா. கைய வுடு."

வீரமுத்துவின் விரல்கள் உடனே விடவில்லை. சுப்புராயன் முரடர் அல்லர். ஒவ்வொரு விரலாக, நோகாமல் பிரித்தெடுத்தார். பெரியநாயகி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் பேச்சற்று நின்றதை வீரமுத்து தம் இருபத்தாறு ஆண்டு இல்லறத்தில் அன்றுதான் கண்டார்.

ஆறு புட்டிகளும் கொதிகலனுக்குள் வைக்கப்பட்டன. அது ஆளுயரப் பிரஷர் குக்கரைப் போன்றது. மலர்விழி மூடியைத் திருகினாள். திருகிய பிறகு வெகுநேரம் திரும்பிப் பார்க்கவில்லை. அழிப்பின்போது பயனாளி சாட்சியாக உடனிருக்க வேண்டும் என்பதால் வீரமுத்து எதிரே நிறுத்தப்பட்டார். ஆவி சீறத் தொடங்கியது. சிறிது நேரத்தில் அறையெங்கும் வாழைத்தண்டு வேகும் மணம் பரவியது.

ஆய்வுக் குழுவை வழியனுப்பிவிட்டு வந்த இயக்குநர், அவர் நிற்கும் நிலையைக் கண்டு மனம் இளகினார். அருகில் வந்து தோளில் கை வைத்தார்.

"சோர்ந்துவிடாதீர்கள் ஐயா. அடுத்த ஆண்டு இரண்டாம் கட்டம் வருகிறது. முன்னுரிமைப் பட்டியலில் உங்கள் பெயரையே முதலில் எழுதச் சொல்லியிருக்கிறேன். புதிய பதிவேடும் கேட்டிருக்கிறோம். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஓடைமொந்தனில் ஒரே ஒரு தாய்ச்செடி கொண்டுவந்து கொடுத்தால் போதும்."

வீரமுத்து கொதிகலனைக் காட்டினார்.

"அது அதுக்குள்ளதான் சார் வெந்துகினு கீது."

இயக்குநர் கொதிகலனைப் பார்த்தார்; அதன் முகப்பில் நேரம் காட்டிய முள்ளைப் பார்த்தார். இன்னும் பதினோரு நிமிடம் மீதமிருந்தது. "முடிந்ததும் ஐயாவிடம் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சுப்புராயனிடம் சொல்லிவிட்டு, அடுத்த கூட்டத்திற்கு நேரமானதால் விரைந்து வெளியேறினார்.

வீரமுத்து நின்ற இடத்திலேயே நின்றார். சாட்சி இடையில் நகரலாகாது என்பது விதி.